பழைய டெஸ்க்டாப்பில் எந்தப் பாகத்தை மாற்றுவது? ஒரு கேள்வியும் அதன் முப்பது ஆண்டு விடைகளும்

வாங்கும்போதே குறைந்த விலையில் வாங்கி, ஏழெட்டு ஆண்டு ஓடிவிட்ட ஒரு டெஸ்க்டாப் வீட்டில் இருக்கிறது. அதில் இன்றைய கேம்களை ஓட்ட வேண்டும். கையில் இருப்பதோ ஒரே ஒரு பாகத்துக்கான பணம். அதை எதில் போடுவது என்ற கேள்வி 1990களின் தொடக்கத்திலிருந்து ஓயாமல் கேட்கப்பட்டு வருகிறது. பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்எஸ்டி என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பாகம் விடையாக இருந்திருக்கிறது.

கணினியைத் திறக்க முடிவதால்தான் இந்தக் கேள்வியே பிறக்கிறது. 1977இல் வந்த ஆப்பிள் II எட்டுத் துளைகளோடும், 1981இன் ஐபிஎம் பிசி ஐந்து துளைகளோடும் வந்தன. வாங்கியவரே மூடியைக் கழற்றிப் புதிய கார்டைச் செருகலாம் என்ற வழக்கம் அங்கிருந்து பரவியது. 1984இன் மெக்கின்டாஷ் மூடிய பெட்டியாக வந்தது. வீடியோ கேம் கன்சோல்கள் எப்போதுமே அப்படித்தான். ஆகவே பாகம் மாற்றும் விவாதம் ஐபிஎம் வழிவந்த கணினிகளைச் சுற்றியே வளர்ந்தது. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கும் பெட்டியும் அதே வம்சம்தான்.

இதுவரை சொல்லப்பட்ட விடைகளில் பெரும்பாலானவை, அவை பிறந்த காலத்தின் வன்பொருளுக்குச் சரியாகவே இருந்தன. காலம் மாறிய பிறகும் அவை பொதுவிதிகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதில்தான் இன்றைய குழப்பம் தொடங்குகிறது. குறிப்பாக, விலை குறைந்த கார்டு என்றால் அது பழைய கணினிக்குப் பொருந்தும் என்ற நம்பிக்கை 2014 முதல் 2019 வரை ஏறக்குறைய உண்மையாக இருந்தது. அதன் பிறகு அது பலமுறை பொய்த்திருக்கிறது.

பிராசஸரை மட்டும் மாற்றும் வழி

மதர்போர்டை வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றுவது மிகப் பழைய யோசனை. 1990களில் இன்டெல் இதை 'ஓவர்டிரைவ்' என்ற பெயரில் தானே விற்றது. 486 கணினி வைத்திருந்தவர்களுக்காக 1995இல் பென்டியம் ஓவர்டிரைவ் வந்தது. உள்ளே பென்டியம் என்றாலும், அது உட்கார்ந்த இடம் 486 மதர்போர்டின் 32 பிட் பாதை. 64 பிட் பாதைக்காக வடிவமைக்கப்பட்ட சிப் அந்தக் குறுகிய வழியில் முழுத் திறனைக் காட்ட முடியவில்லை. புதிய பாகம் பழைய பாதையில் மாட்டிக்கொள்ளும் இந்த நிலை பின்னர் வேறு வடிவங்களில் திரும்பி வருகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1998இல் வந்த செலரான் 300ஏ வேறொரு ஆசையை விதைத்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 300 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய அந்தச் சிப், பஸ்ஸை 100க்கு உயர்த்தினால் பெரும்பாலும் 450இல் ஓடியது. மலிவுச் சிப்பிலிருந்து விலையுயர்ந்த சிப்பின் வேகத்தைப் பிழியலாம் என்ற நம்பிக்கை அப்போது உறுதிப்பட்டது. பின்னாளில் அந்த வாசல் பெரும்பாலும் சாத்தப்பட்டது.

சாக்கெட் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதே இந்த வழியின் உயிர்நாடி. இன்டெல் இதில் தாராளமாக நடந்துகொண்டதில்லை. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைச் சிப்புகள் முந்தைய தலைமுறையின் அதே எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் உட்கார்ந்தும், பழைய சிப்செட்டுகளில் ஓட அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்படவில்லை. மின்விநியோகத் தேவையை இன்டெல் காரணமாகச் சொன்னது. ஆர்வலர்கள் பயாஸைத் திருத்தி அவற்றைப் பழைய போர்டுகளில் ஓட்டிக் காட்டினார்கள்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு எதிர் உதாரணம். 2017இல் முதல் ரைசன் வாங்கியவர், அதே போர்டில் 2022இன் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை வைக்க முடிந்தது. இதுவும் இயல்பாகக் கிடைத்துவிடவில்லை. 2020இல் 400 வரிசைப் போர்டுகளுக்கே ரைசன் 5000 ஆதரவு இல்லை என்று ஏஎம்டி அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு சில வாரங்களில் முடிவை மாற்றியது. ஏ320, பி350 போன்ற தொடக்க காலப் போர்டுகளுக்கு 2022இல்தான் முறையான வழி பிறந்தது. எனவே பிராசஸரை மாற்றும் வழி சிறந்ததா என்று பொதுவாகக் கேட்பதற்கு அதிகப் பொருளில்லை. எந்தப் போர்டு என்று தெரிந்த பிறகே விடை சொல்ல முடியும். எல்ஜிஏ 1150 போர்டில் ஐ3 இருந்தால், கைமாறி வரும் ஐ7-4770 அல்லது அதே எட்டு திரெட் கொண்ட சியான் இ3 சிப்பு அந்தப் போர்டின் ஏறக்குறையக் கடைசிப் படி. அதற்கு மேலே பெரிதாக ஏற வழியில்லை.

கிராபிக்ஸ் கார்டு போதும் என்ற வாதம்

இன்று மிகப் பரவலாக இருக்கும் விடை இது. இதன் பிறப்பை 1996 என்று ஓரளவு துல்லியமாகவே சொல்லலாம். அந்த ஆண்டு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ சிப் வந்தது. ஏற்கெனவே இருந்த 2டி கார்டை எடுக்கத் தேவையில்லாமல், பக்கத்தில் இன்னொரு பிசிஐ துளையில் அது உட்கார்ந்தது. அதே ஆண்டில் வெளியான குவேக் கேமின் முடுக்கப்பட்ட வடிவம் 1997 தொடக்கத்தில் வந்தபோது, அதே பென்டியம் கணினியில் படம் மென்மையாகவும் வேகமாகவும் ஓடியது. மற்ற எதையும் தொடாமல் ஒரே கார்டால் கணினியின் தலைமுறையே மாறியது போன்ற அனுபவம் அதற்கு முன் பலருக்கு வாய்த்ததில்லை. 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256, உருவங்களின் இடமாற்றக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் பிராசஸரிடமிருந்து வாங்கிக்கொண்டது. பிராசஸர் சுமாராக இருந்தாலும் கார்டு நன்றாக இருந்தால் போதும் என்ற வாதத்துக்கு இது தொழில்நுட்ப அடித்தளமே ஆனது.

பட்ஜெட் டெஸ்க்டாப்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய தேதி 2014 பிப்ரவரி என்று நினைக்கிறேன். அப்போது வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டின் மின்தேவை வெறும் 60 வாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை தானாகவே 75 வாட் வரை தரும் என்பதால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு என்ற எண்ணமே இல்லாமல் செய்யப்பட்ட அலுவலகக் கணினிகள் இதனால் ஒரே நாளில் கேமிங் பெட்டிகள் ஆயின. 2016இன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இன் ஜிடிஎக்ஸ் 1650 ஆகிய இரண்டும் அதே 75 வாட் எல்லைக்குள் அடுத்தடுத்த படிகளாக வந்தன. 2022 நவம்பரில் ஸ்டீம் தளத்தின் வன்பொருள் கணக்கெடுப்பில் முதலிடத்துக்கு வந்தது இந்த 1650தான். அதில் லேப்டாப்களின் பங்கும் உண்டு.

இந்த மூன்று கார்டுகளுக்கும் பொதுவாக இன்னொரு குணம் இருந்தது. மூன்றும் 16 தடங்கள் கொண்ட முழு இணைப்பைப் பயன்படுத்தின. பழைய மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் மெதுவான தலைமுறையாக இருந்தாலும் தடங்கள் பதினாறு என்பதால் பெரிய இழப்பு இல்லை.

2022 ஜனவரியில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இந்த வரிசையை உடைத்தது. அறிவிக்கப்பட்ட விலை 199 டாலர். பட்ஜெட் கார்டு என்ற பெயரிலேயே வந்தது. நினைவகம் 4 ஜிபி, தடங்கள் நான்கு. நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள புதிய போர்டில் நான்கு தடம் நொடிக்குச் சுமார் 8 ஜிபி தரும். மூன்றாம் தலைமுறையில் அது பாதியாகி 4 ஜிபி. சாண்டி பிரிட்ஜ் காலத்து இரண்டாம் தலைமுறைப் போர்டிலோ வெறும் 2 ஜிபி. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து இந்தப் பாதை வழியாகத்தான் இழுத்து வர வேண்டும். பாதை குறுகியதென்றால் படம் திக்கித் திக்கி நகரும். அந்தக் கார்டைப் பழைய போர்டில் வைத்துச் சோதித்தவர்கள், நினைவகம் நிரம்பும் கேம்களில் வேகம் வெகுவாகச் சரிவதைக் கண்டார்கள். புதிய போர்டு வாங்கக்கூடியவர் இந்தக் கார்டை நாட வாய்ப்புக் குறைவு; இதைத் தேடி வரக்கூடியவரிடமோ பழைய போர்டுதான் இருக்கும். பிறகு வந்த ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவை எட்டுத் தடங்களோடு நின்றன. பாதிப்பு அவற்றில் குறைவு என்றாலும் போக்கு அதேதான்.

2024 டிசம்பரில் வந்த இன்டெல்லின் ஆர்க் பி580 இன்னொரு முகத்தைக் காட்டியது. 249 டாலருக்கு 12 ஜிபி நினைவகம் என்பது அந்த விலைப் பிரிவில் அரிதானது. விமர்சகர்கள் மனம் திறந்து பாராட்டினார்கள். சில வாரங்களிலேயே, 2025 ஜனவரியில், ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் உள்ளிட்ட சோதனைக் குழுக்கள் அதே கார்டைப் பழைய, மலிவான பிராசஸர்களோடு சேர்த்துப் பார்த்தன. ரைசன் 5 2600 போன்ற சிப்புகளோடு சேரும்போது சில கேம்களில் அது தன் நன்மையை இழந்து போட்டியாளர்களுக்குப் பின்னால் விழுந்தது. கார்டின் டிரைவர் மென்பொருள் பிராசஸரிடம் அதிக வேலை வாங்குவதே காரணம் என்று தெரிந்தது. ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத போர்டில் இந்தக் கார்டு மேலும் பின்தங்கும். இன்டெல்லே அதைத் தேவையாகக் குறிப்பிடுகிறது. 2021இல் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் குழு, என்விடியா டிரைவர்களும் ஏஎம்டியைவிடப் பிராசஸருக்கு அதிகச் சுமை தருவதைக் காட்டியிருந்தது. ஆக, கார்டின் தரத்தை மிக வேகமான பிராசஸரில் வைத்து அளக்கும் வழக்கமான விமர்சனம், பழைய கணினிக்காரருக்கு அவர் வீட்டில் கிடைக்கப்போகும் வேகத்தைச் சொல்வதில்லை. இந்த வாதத்தின் மிகப் பெரிய பலவீனம் இதுதான் என்பது என் மதிப்பீடு. கார்டை அது உட்காரும் இடத்திலிருந்து பிரித்தே அது மதிப்பிடுகிறது.

எஸ்எம்பிஎஸ்ஸும் அலுவலகப் பெட்டிகளும்

கார்டு பற்றிய பேச்சில் பின்னுக்குத் தள்ளப்படும் பாகம் எஸ்எம்பிஎஸ். பெட்டியோடு சேர்ந்தே வந்த மலிவான எஸ்எம்பிஎஸ்களில் மேலே எழுதியிருக்கும் வாட் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கிராபிக்ஸ் கார்டு குடிப்பது 12 வோல்ட் மின்சாரத்தை. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், மேலே 450 என்று எழுதியிருந்தாலும் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட்தான். ஆறு முள் இணைப்பு 75 வாட்டுக்கும், எட்டு முள் இணைப்பு 150 வாட்டுக்கும் வரையறுக்கப்பட்டவை. அந்த இணைப்பு இல்லாதபோது சாட்டா வயரிலிருந்து ஆறு முள்ளுக்கு மாற்றும் சிறு வயர்கள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. சாட்டா மின் இணைப்பின் 12 வோல்ட் வரம்போ 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதன் வழியே 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும் அபாயம் உண்மையானது. இந்த வயரை எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்க முடியாது.

நிறுவனங்கள் கழித்துவிடும் அலுவலகக் கணினிகளை வாங்கி அவற்றில் கார்டு போடுவது ஒரு தனிப் பள்ளியாகவே வளர்ந்திருக்கிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் வரிசைகள் இதில் புகழ்பெற்றவை. உறுதியான கட்டமைப்பு, நல்ல பிராசஸர், குறைந்த விலை ஆகியவை அவற்றின் பலம். பலவீனங்கள் பெட்டியைத் திறந்த பிறகே தெரியவரும். ஆப்டிபிளெக்ஸ் 9020இன் மதர்போர்டு, வழக்கமான 24 முள் இணைப்புக்குப் பதில் டெல்லின் சொந்த எட்டு முள் இணைப்பைப் பயன்படுத்துகிறது. வேறு எஸ்எம்பிஎஸ் போட மாற்று வயர் வேண்டும். சிறிய பெட்டியில் அதன் அளவும் பொருந்தாது. ஒல்லியான மாடல்களில் அரை உயரக் கார்டு மட்டுமே நுழையும். அவற்றில் சிலவற்றில் துளையின் மின்வரம்பே 75 வாட்டுக்குக் கீழே. வாங்கும்முன் மாடலின் கையேட்டைப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை.

சமநிலை வாதமும் அதன் தவறான கணக்கும்

எந்த ஒரு பாகமும் தனியே விடையாகாது, எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இன்னொரு பெரும் பிரிவு. இதன் வேர் கணினி அறிவியலில் இருக்கிறது. ஒரு வேலையின் ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும், வேகப்படாத பகுதி மொத்த ஆதாயத்துக்கு வரம்பு கட்டிவிடும் என்பதை ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்தார். கேமில் இதை நேரடியாகவே பார்க்கலாம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லி நொடிதான் கிடைக்கும். பிராசஸர் தன் பங்கை முடிக்க 22 மில்லி நொடி எடுத்தால், உலகின் சிறந்த கார்டைப் போட்டாலும் ஏறக்குறைய 45 ஃபிரேம்தான்.

இந்த வாதத்துக்குப் புதிய கூர்மை தந்தது 2011. டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன் அந்த ஆண்டு செப்டம்பரில், நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற சராசரி எதை மறைக்கிறது என்று காட்டினார். சராசரி 60 என்று வந்தாலும், நடுநடுவே ஒரு ஃபிரேம் 100 மில்லி நொடி எடுத்தால் விளையாடுபவர் கண்ணுக்கு அது தடுக்கலாகவே தெரியும். அதுவரை எல்லோரும் நொடியை எண்ணினார்கள். அவர் நொடிக்குள் பார்த்தார். இன்று சோதனைகளில் காணும் 'கடைசி ஒரு சதவீத' எண்கள் அந்த மாற்றத்தின் பிள்ளைகள்.

பழைய பட்ஜெட் கணினிகளின் நோய் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. 2011இன் ஐ5-2500கே நான்கு கோர், நான்கு திரெட் கொண்ட சிப். அதற்குப் பல ஆண்டுகள் பிறகும் சராசரி எண்களில் அது நன்றாகவே தோன்றியது. ஆனால் 2016இன் பேட்டில்ஃபீல்டு 1 போன்ற கேமில் 64 பேர் மோதும் களத்தில் நான்கு திரெட்டும் நிரம்பி வழிந்து, படம் அவ்வப்போது உறைந்தது. அதே காலத்து எட்டு திரெட் ஐ7-2600 அந்தச் சூழலில் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தது. வாங்கும்போது வீண்செலவு என்று தோன்றிய திரெட்டுகள் பின்னால் பயன்பட்டன.

சமநிலை வாதத்தின் சிக்கல், அதை ஒற்றை எண்ணாகச் சுருக்குவதில் இருக்கிறது. பிராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் 'இத்தனை சதவீதம் பாட்டில்நெக்' என்று சொல்லும் கணக்கீடுகள் நிறையப் புழங்குகின்றன. அப்படி ஓர் எண் இருக்கவே முடியாது. அதே கணினியில் கவுன்டர்-ஸ்டிரைக் 2 பிராசஸரைத் தேடும். ஆலன் வேக் 2 கார்டைத் தேடும். ரெசல்யூஷனை உயர்த்தினால் சுமை கார்டின் பக்கம் நகரும். பிராசஸரின் வேலை ஏறக்குறைய அப்படியே நிற்கும். இதனால் ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது: விளையாடும் கேமை 720பி ரெசல்யூஷனுக்கு இறக்கிப் பார்க்கலாம். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் தடை கார்டில். அப்படியே நின்றால் பெரும்பாலும் பிராசஸரில் அல்லது ரேமில். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பாகம் வாங்குவது வருத்தத்துக்கே வழிவகுக்கும்.

மானிட்டரை இந்த விவாதங்களில் ஏனோ பலரும் விட்டுவிடுகிறார்கள். பட்ஜெட் டெஸ்க்டாப்களோடு வந்தவை பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள். 60க்கு மேல் கிடைக்கும் ஃபிரேம்களை அவை முழுதாகக் காட்டாது. நொடிக்கு 140 ஃபிரேம் தரும் பாகத்தை வாங்கி அதில் இணைப்பவருக்குக் கை அசைவின் தாமதம் கொஞ்சம் குறையலாம். கண்ணுக்குக் கிடைப்பது குறைவே.

எஸ்எஸ்டியும் ரேமும்

எஸ்எஸ்டி போட்டால் ஃபிரேம் கூடாது என்பது நீண்ட காலம் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. கேம் திறக்கும் நேரம் குறையும், கணினி சுறுசுறுப்பாகும், அவ்வளவுதான். 2020இல் எஸ்எஸ்டியோடு வந்த கன்சோல்கள் இதை மாற்றின. ஓடும்போதே வட்டிலிருந்து உலகை இழுத்துக்கொண்டே போகும் கேம்கள் அதன் பிறகு பெருகின. 2023இன் ஸ்டார்ஃபீல்டு, குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கட்டாயம் என்றது. பழைய போர்டின் சாட்டா துளையில் போடும் சாதாரண எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட இது போதுமான தாண்டல்.

ரேமில் அளவைவிட அடிக்கடி தவறவிடப்படுவது இரட்டைச் சேனல். தனிக் கார்டு இல்லாமல், 2018இன் ரைசன் 3 2200ஜி போல உள்ளிணைந்த கிராபிக்ஸை நம்பும் கணினியில் ஒற்றை ரேம் குச்சி பாதிப் பாதையை அடைத்துவிடுகிறது. அங்கே அதே அளவுள்ள இரண்டாவது குச்சியைப் போடுவதே மிகப் பயனுள்ள மேம்படுத்தலாக இருக்கலாம்.

பணம் போடாத வழி

மென்பொருளே மேம்படுத்தல் ஆகலாம் என்ற நிலைப்பாடு புதியது, இன்னும் தீர்ப்பாகாதது. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் நுட்பத்தை என்விடியா 2018இல் டிஎல்எஸ்எஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதற்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். ஏஎம்டி 2021இல் எஃப்எஸ்ஆர் நுட்பத்தைத் திறந்த முறையில் வெளியிட்டபோது, என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகள்கூடப் பயன்பெற்றன. போட்டி நிறுவனத்தின் கார்டுக்கு ஆயுள் கூட்டிய அரிதான உதவி அது. ஆனாலும் இந்த நுட்பங்கள் 1080பியில், அதாவது பட்ஜெட் கணினிகள் இருக்கும் இடத்தில்தான், மிகவும் மங்கலாகத் தெரிகின்றன. வரையப்படும் மூலப் படத்தில் புள்ளிகள் குறைவு என்பதால். இடையில் செயற்கை ஃபிரேமைச் செருகும் நுட்பத்துக்கும் இதே வரம்பு உண்டு. 30 ஃபிரேமை 60 ஆகக் காட்டலாம். கை அசைவுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் 30இன் தாமதமாகவே இருக்கும், சற்றுக் கூடவும் செய்யும். பெரிதாக்கும் நுட்பம் பிராசஸர் தடையையும் தீர்ப்பதில்லை.

மாற்றாமல் வேறு வாங்குவது

பழையதில் பணம் போடாமல் கன்சோலோ புதிய கணினியோ வாங்கச் சொல்பவர்களின் கணக்கை ஒதுக்கிவிட முடியாது. கார்டு, அதற்காக எஸ்எம்பிஎஸ், பிறகு பிராசஸர் என்று துண்டு துண்டாகப் போகும் பணம் கூட்டிப் பார்க்கும்போது புதிய பெட்டியை நெருங்கிவிடுவதுண்டு. இந்தியாவில் 249 டாலர் என்று அறிவிக்கப்படும் கார்டு இறக்குமதிச் செலவும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தே கடைக்கு வருகிறது என்பதால் அமெரிக்க ஒப்பீடுகளும் இங்கே அப்படியே செல்லாது. மறுபக்கம், 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. புதிய மதர்போர்டுகள் டிடிஆர்5 கேட்கின்றன. கையில் ஏற்கெனவே இருக்கும் 16 ஜிபி டிடிஆர்4 ரேம் அந்த அளவுக்கு மதிப்புள்ளதாகிவிட்டது. இணையவழி கேமிங் எல்லாவற்றுக்கும் விடை என்ற வாதம், கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்ட பிறகு வேகம் குறைந்து பேசப்படுகிறது.

வேகம் இருந்தும் வாசல் திறக்காதபோது

மேலே கண்ட நிலைப்பாடுகள் அனைத்தும் பழைய கணினி மெதுவாகும் என்று மட்டும் எதிர்பார்த்தவை. மெதுவானாலும் ஓடும், அமைப்புகளைக் குறைத்தால் சமாளிக்கலாம். கடந்த பத்தாண்டில், சிறப்பாகக் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில், கேம் தொடங்கவே மறுக்கும் நிலை பரவியிருக்கிறது. என் பார்வையில் இந்த முழுக் கேள்வியிலும் நடந்திருக்கும் பெரிய மாற்றம் இதுவே.

முதல் அறிகுறி 2014இல் தெரிந்தது. ஃபார் க்ரை 4 இரண்டு திரெட் மட்டுமே உள்ள பிராசஸர்களில் கறுப்புத் திரையோடு நின்றது. மலிவான பென்டியம் ஜி3258 வாங்கியிருந்தவர்கள் அதிர்ந்தார்கள். அந்தச் சிப்பின் ஒரு கோரின் வேகம் போதுமானதாகவே இருந்தது. பல பென்டியம், செலரான் சிப்புகளில் ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லாததும் இதே வகைத் தடையாகப் பின்னர் வந்தது. 2023இன் ஆலன் வேக் 2, மெஷ் ஷேடர் வசதி இல்லாத ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் தடுமாறியது. 2024இல் வந்த திருத்தம் நிலைமையை ஓரளவு சீராக்கியது. 2024 டிசம்பரில் இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் டூம்: தி டார்க் ஏஜஸும் வன்பொருள் ரே டிரேசிங் இல்லாத கார்டுகளை ஏற்கவில்லை. 2023 செப்டம்பரில் கவுன்டர்-ஸ்டிரைக் 2 வந்தபோது அது பழைய கேமுக்குப் பக்கத்தில் வரவில்லை, அதன் இடத்தையே எடுத்துக்கொண்டது. அதுவரை எளிய கணினிகளில் ஓடிய விளையாட்டு, உரியவர் எதையும் வாங்காமலும் மாற்றாமலும், ஒரே நாளில் கனத்துப்போனது.

இதோடு இயங்குதளத்தின் வாசல். விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சிப்பையும் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 முதலான பிராசஸரையும் கேட்கிறது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருந்தும் பிராசஸர் பட்டியலில் இடமில்லை. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் வரைதான். வாலரன்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் கட்டாயமாக்குகிறது. 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. பழைய முறையில் விண்டோஸ் நிறுவிய கணினிகளில் வட்டின் அமைப்பையே மாற்றினால்தான் அதை இயக்க முடியும்.

இந்த வாசல்களுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஏமாற்றுக்காரர்கள் கெடுத்த ஆட்டத்தை நேர்மையாக ஆடுபவர்களுக்கு மீட்டுத் தர வேறு வழி குறைவு என்று கேம் நிறுவனங்கள் வாதிடுகின்றன. ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேர்க்கும் நீண்ட உழைப்பை ரே டிரேசிங் மிச்சப்படுத்துவதும் உண்மை. ஆனால் வேகமான கார்டைப் போட்டு இந்த வாசல்களைத் தாண்ட முடியாது. லினக்ஸ் ஒரு மாற்றுவழி: 2018இல் வால்வ் கொண்டுவந்த புரோட்டான், விண்டோஸ் கேம்களில் பெரும்பகுதியை அங்கே ஓட்டுகிறது. தனியாக விளையாடும் கேம்களுக்கு அது நல்ல வழி. வாலரன்ட், பேட்டில்ஃபீல்டு 6 ஆகியவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோ அங்கே இயங்குவதில்லை.

இன்னும் தீராதவை

இப்போதைக்குச் சற்று உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே. ஏஎம்4 போர்டு வைத்திருப்பவருக்குப் பிராசஸர், கார்டு என இரு வழிகளும் திறந்திருக்கின்றன. விண்டோஸ் 11 வாசலையும் அவர் அநேகமாகத் தாண்டுவார். இன்டெல் நான்காம் தலைமுறைக்கு முந்தைய கணினியில் பெரிய பணம் போடுவதற்கான காரணங்கள் மெலிந்துவிட்டன. எஸ்எஸ்டியும் கைமாறி வரும் 75 வாட் கார்டும் அங்கே நியாயமான எல்லை. இவற்றுக்கு இடைப்பட்ட நான்கு முதல் ஏழாம் தலைமுறைக் கணினிகளின் நிலைதான் தெளிவில்லாமல் இருக்கிறது. வேகம் பலவற்றுக்குப் போதும். ஆனால் எந்தக் கேம்கள் விளையாடப்படும் என்பதைப் பொறுத்து விடை முழுதாகத் திரும்பிவிடும்.

கைமாறி வரும் கார்டுகளின் ஆயுளும் ஒரு திறந்த கேள்வி. என்விடியா ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கான கேம் டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும். டிரைவர் நின்ற கார்டு எத்தனை ஆண்டு பயன்படும் என்பதற்குப் பழைய அனுபவம் முழு வழிகாட்டி ஆகாது. முன்பு புதிய கேம்கள் பழைய டிரைவரை இவ்வளவு கண்டிப்பாக நிராகரிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, தனி மின்வயர் தேவைப்படாத மலிவுக் கார்டு என்ற வகை தொடருமா என்பது தெரியவில்லை. 1650க்குப் பிறகு அந்த இடத்தில் என்விடியா வைத்தது 2024 பிப்ரவரியின் 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. அதுவும் எட்டுத் தடக் கார்டு. 2025இல் இன்டெல் வெளியிட்ட ஆர்க் புரோ பி50, 70 வாட்டில் 16 ஜிபி நினைவகத்தையும் ரே டிரேசிங்கையும் அரை உயரக் கார்டுக்குள் அடக்கியிருக்கிறது. அது அலுவலகப் பணிக் கணினிகளுக்கென 349 டாலர் விலையில் அறிவிக்கப்பட்டது. பி580க்கு இருந்த பிராசஸர் சுமையும் ரீசைசபிள் பார் தேவையும் இதையும் விடாது. இப்படியொரு கார்டைச் செய்யும் நுட்பம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவரை மனதில் வைத்து, அவர் தரக்கூடிய விலையில், அவருடைய போர்டில் முழுத் திறனோடு ஓடும்படி அதைச் செய்ய எந்த நிறுவனம் முன்வரும் என்பதற்கே இன்னும் விடை வரவில்லை.